லினக்ஸ் பூட் ஆகும்போதெல்லாம் டிஸ்க் சோதனை ஓடுவது ஏன்?

‘கடைசி மவுண்ட் நேரம் (டிஸ்க் கடைசியாகப் பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்ட நேரம்) எதிர்காலத்தில் உள்ளது’ என்று சொல்லிவிட்டுத்தான் சோதனை ஓடுகிறது என்றால், டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். லினக்ஸின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4, தன்னைப் பற்றிய விவரங்களை வைக்கும் சூப்பர்பிளாக் என்ற பகுதியில் கடைசியாக மவுண்ட் ஆன நேரத்தைக் குறித்து வைக்கும். பூட் ஆகும்போது கடிகாரம் அதைவிடப் பின்தங்கியிருந்தால் முழுச் சோதனை தொடங்கிவிடும். அப்புறம் இன்டர்நெட் வழியாக நேரம் சரியாகிவிடுவதால் கோளாறு கண்ணில் படாது. அதனால் லினக்ஸ் தொடங்கும் முன், மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸிலேயே தேதியைப் பாருங்கள்.

ஆண்டே தவறு என்றால், பெரும்பாலும் மதர்போர்டின் பேட்டரி தீர்ந்திருக்கும். பல கணினிகளில் அது சிஆர்2032. மாற்றிவிட்டு நேரத்தை அமையுங்கள்.

சில மணி நேரம்தான் பிசகுகிறது, கூடவே விண்டோஸும் இருக்கிறது என்றால் காரணம் வேறு. விண்டோஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கும். இந்த டிஸ்க் சோதனையைச் செய்யும் நிரலான இ2எஃப்எஸ்சிகேயின் புதிய பதிப்பு 24 மணி நேர வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும், பழையது விடாது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் யுடிசிக்கு மாற்றுங்கள். தயவுசெய்து சோதனையை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.