வீட்டு விசேஷ வீடியோக்களைக் கணினியில் எடிட் செய்ய, ஒன்றும் தெரியாதவருக்கு எந்த மென்பொருள் நல்லது?

விண்டோஸ் 11 என்றால் அதிலேயே இருக்கும் கிளிப்சாம்ப். மேக் என்றால் ஐமூவி. விண்டோஸ் 10 அல்லது லினக்ஸ் என்றால் ஷாட்கட். மூன்றுக்கும் காசு தர வேண்டியதில்லை. நம்மில் பலர் கைபழகிய விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதே பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றில் போலிகள் உண்டு, இறக்காதீர்கள்.

நான் பயன்படுத்துவது ஷாட்கட். என் மடிக்கணினியில் ரேம் 4 ஜிபிதான். டாவின்சி ரிசால்வ் அருமையான மென்பொருள், இலவசப் பதிப்பும் உண்டு. ஆனால் அதற்கு 16 ஜிபியாவது வேண்டும் என்கிறார்கள், எனக்குக் கட்டுப்படியாகாது. ஷாட்கட்டுக்கு வருவதற்கு முன் 'இலவசம்' என்று போட்டிருந்த வேறொன்றை இறக்கி மூன்று இரவு உட்கார்ந்தேன். எல்லாம் முடித்து எக்ஸ்போர்ட் (எடிட் செய்ததை ஒரே வீடியோ ஃபைலாக வெளியே எடுப்பது) கொடுத்தால், படத்தின் குறுக்கே அதன் பெயர் பெரிய எழுத்தில் நிற்கிறது. அதை எடுக்கப் பணம் கேட்கிறது. அதனால் எந்த மென்பொருளாக இருந்தாலும் முதல் வேலையாகப் பத்து நொடி கிளிப் ஒன்றை எக்ஸ்போர்ட் செய்து பார்த்துவிடுங்கள்.

நான் எடிட் செய்தது அக்கா மகளின் காதுகுத்து. தாய்மாமன் நான் என்பதால் குழந்தை என் மடியில், கைபேசியோ ஊரார் கையில். நான்கு பேர் எடுத்ததைச் சேர்த்தால் 143 கிளிப், ஏறக்குறைய நான்கு மணி நேரம். இதில் சித்தப்பா எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும், டிவியில் போட்டால் முகமெல்லாம் மாவு பூசியதுபோல் இருக்கும். நேரில் போய் கேபிள் போட்டு மறுபடி எடுத்து வந்தேன். போக முடியாத தூரம் என்றால் டாகுமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காது.

ஷாட்கட்டில் ஆரம்பத்தில் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். கிளிப்பை டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் கீழ்ப் பட்டையில், இழுத்துப் போடுங்கள், வேண்டிய இடத்தில் நிறுத்தி 'எஸ்' அழுத்தினால் இரண்டாகும், வேண்டாத துண்டைத் தேர்ந்து 'எக்ஸ்' அழுத்தினால் அது போய் இடைவெளியும் மூடிக்கொள்ளும். தப்பு செய்தால் கண்ட்ரோல் இசட். இந்த மூன்றை வைத்தே முக்கால்வாசி வேலையை முடித்தேன். ஒரு எச்சரிக்கை: வீடியோ மோடு 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், முதலில் போடும் கிளிப்பின் அளவையே மொத்தப் படத்துக்கும் எடுத்துக்கொள்ளும். முதல் கிளிப் கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததாக இருந்தால் படமே நெட்டையாகிவிடும். முன்பே 1080 என்று அகலவாக்கில் வைத்துவிடுங்கள். கணினி திணறினால் பிரிவியூ ஸ்கேலிங்கை, அதாவது எடிட் செய்யும்போது பார்க்கும் படத்தின் தரத்தை, 360க்கு இறக்குங்கள். திரையில்தான் மங்கும், கடைசியில் வரும் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

நான் மாட்டிக்கொண்டது சத்தத்தில். வீடியோ என்பது வேகமாக ஓடும் தனித்தனிப் படங்கள், அதாவது ஃபிரேம்கள். கைபேசி எப்போதும் ஒரே சீராக நொடிக்கு 30 ஃபிரேம் எடுப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கிளிப்பைத் திறந்தால், எடிட்டுக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று ஷாட்கட் கேட்கும். நான் படிக்காமலே வேண்டாம், வேண்டாம் என்று அழுத்திக்கொண்டே போனேன். கடைசியில் தவில்காரர் குச்சியை ஓங்கும்போதே அடி விழுந்த சத்தம் கேட்கிறது! எல்லாக் கிளிப்பையும் மாற்றத் தேவையில்லை. மாற்றிய ஃபைல் மிகப் பெரிதாகும், ஹார்டு டிஸ்க் நிரம்பிவிடும். நீளமாக ஓடப்போகிற, சத்தம் முக்கியமான கிளிப்களை மட்டும் மாற்றினால் போதும்.

அப்புறம் நாதஸ்வரம். ஒவ்வொரு வெட்டிலும் வாசிப்பு துண்டு துண்டாகத் தாவியது, கேட்கவே முடியவில்லை. இதற்கு வழி இருக்கிறது. யாராவது ஒருவர் நிறுத்தாமல் எடுத்த நீளமான கிளிப் ஒன்றைப் பிடியுங்கள். எங்களுக்கு மாப்பிள்ளையின் தம்பி எடுத்த ஆறு நிமிடக் கிளிப் கிடைத்தது. படம் முழுக்க யாரோ ஒருவர் முதுகுதான், ஆனால் சத்தம் தங்கம். அதைக் கீழ் வரிசையில் வைத்துவிட்டு, மேலே இன்னொரு வீடியோ டிராக் சேர்த்து, மற்றவர்கள் எடுத்த நல்ல காட்சிகளை ஒலியை அணைத்து அங்கங்கே வைத்தேன். மேல் டிராக்கில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆசாரி கம்பியை எடுக்கிறார், அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், குழந்தை வீறிடுகிறது. காட்சி மாறுகிறது, நாதஸ்வரம் அறுபடாமல் ஓடுகிறது. வீட்டில் இதைப் பார்த்தவர்கள் ஸ்டுடியோவில் கொடுத்தாயா என்று கேட்டார்கள். நான் செய்தது இவ்வளவுதான்.

வெட்டும்போது கை கூசும். எனக்கும் கூசியது. ஒரே அழுகை நான்கு கைபேசியில் நான்கு கோணத்தில் இருந்தது, நான்கையும் வைத்திருந்தேன். பார்த்த அம்மா, "எத்தனை தடவைடா குத்துவீங்க பிள்ளைக்கு?" என்றார். மூன்றை எடுத்தேன். கடைசியில் படம் 14 நிமிடத்தில் நின்றது. பூப்பூவாக விரிவது, பக்கம் புரள்வது மாதிரி மாற்றங்களை நான் தொடவே இல்லை. அவை 90களின் கல்யாண கேசட்டோடு போகட்டும்.

தமிழ்த் தலைப்புக்கு ஒரு குறுக்கு வழி: பவர்பாயிண்ட் மாதிரியான இலவச மென்பொருள் லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரெஸ்ஸில் எழுதி, படமாகச் சேமித்து, டைம்லைனில் போட்டுவிட்டேன். கொம்பும் புள்ளியும் இடம் மாறாமல் வந்தன.

எக்ஸ்போர்ட்டில் யூடியூப் என்று ஒரு தேர்வு இருக்கும். அதைக் கொடுத்தால் எம்பி4 ஃபைல் வரும், பென் டிரைவில் போட்டால் எங்கள் டிவியிலேயே ஓடியது. ஆனால் படம் முடிந்துவிட்டதே என்று மூலக் கிளிப்களை அழித்துவிடாதீர்கள், வேறு ஃபோல்டருக்கும் மாற்றாதீர்கள். ஷாட்கட்டின் ப்ரொஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ கிடையாது, எந்தக் கிளிப்பை எங்கே வெட்டினோம் என்ற குறிப்புதான் இருக்கும். நான் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்து முடித்ததும் பெரிய அத்தை மெல்லக் கேட்டார்: "ஏம்ப்பா, நான் வந்ததே இதுல இல்லையே?" அன்று ராத்திரியே திறந்து, சீர்த்தட்டோடு அத்தை வருகிற ஏழு நொடியைச் சேர்த்து மறுபடி எக்ஸ்போர்ட் போட்டேன்.