என்லார்ஜரில் எழும் ரீங்காரம்

கேள்வி: தந்தையார் நடத்திய ஸ்டூடியோவின் இருட்டறையை மீண்டும் திறந்திருக்கிறேன். நெகட்டிவின் பிம்பத்தைப் பெரிதாக்கிப் படத்தாளில் விழச்செய்யும் என்லார்ஜரின் 12 வோல்ட் ஹாலஜன் விளக்கு எரியும்போதெல்லாம் டிரான்ஸ்பார்மரிலிருந்து ரீங்காரம் கேட்கிறது. இதனால் ஆபத்து உண்டா? படம் கெடுமா?
– வாசகர், திருப்பரங்குன்றம், மதுரை

பதில்: தந்தையாரின் இருட்டறைக்கு நீங்கள் மீண்டும் உயிர் கொடுப்பது மனத்துக்கு நிறைவளிக்கிறது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகள் காந்தவிசையால் இருமுறை நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதால், 100 ஹெர்ட்ஸ் அதிர்வே உங்கள் காதில் முதன்மையாக விழுகிறது. மெல்லிய ஒலி இயல்பானது. முன்பில்லாத அளவுக்கு அது வலுத்திருந்தால், தகடுகளை இறுக்கும் திருகுகள் தளர்ந்திருக்கலாம். மின் இணைப்பைத் துண்டித்தபின், பழகிய எலக்ட்ரீசியனைக் கொண்டு அவற்றை இறுக்கச் சொல்லுங்கள். கருகிய வாடையோ கை வைக்க முடியாத சூடோ இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

படத்தைப் பொறுத்தவரை, ஒலியைவிட அதிர்வே கவலைக்குரியது. டிரான்ஸ்பார்மர் என்லார்ஜர் நிற்கும் மேசையிலேயே இருந்தால், அதிர்வு தூண் வழியாக ஏறி, நீண்ட எக்ஸ்போஷரில் (தாளில் ஒளி விழும் நேரத்தில்) படத்தின் கூர்மையைக் குலைக்கக்கூடும். பிம்பத்தின் துகள்களைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெயின் போகஸரில் பாருங்கள். துகள்கள் நடுங்கினால், டிரான்ஸ்பார்மரைத் தரையில் தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வையுங்கள். ஆனால் டிரேக்களிலிருந்து நீர் வழியும் பக்கம் மட்டும் வேண்டாம். மங்கலாக்கும் டிம்மர் எதையும் இடையில் இணைத்திருந்தால், முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். அது மின் அலையை வெட்டித் தருவதாலும் ரீங்காரம் பெருகும்.