உத்திரம் தாங்குமா?

கேள்வி: அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் சீட்டு எடுத்திருக்கிறார். ‘சும்மா ஒரு உத்திரவாதக் கையெழுத்துதானே’ என்கிறார். எனக்கே வீட்டுக் கடன் ஓடுகிறது. மாட்டேன் என்றால் நட்பு போய்விடும். போட்டால் தூக்கம் போய்விடும். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் எழுத்துப்பிழை. அது உத்தரவாதம். இந்தப் பக்கத்தில் எத்தனை முறை அலறினாலும் கேட்பாரில்லை. உத்திரம் என்பது கூரையைத் தாங்கும் கட்டை.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அகராதியைவிட உங்கள் பிழைக்கு விவரம் அதிகம். வீடு இன்னொருவருடையது, ஓடு இன்னொருவருடையது, பாரம் மட்டும் உத்திரத்தின் தலையில். அதில் கரையான் பிடிப்பதும் கண்ணுக்குத் தெரிகிற நடுப்பகுதியில் அல்ல. சுவருக்குள் புதைந்த முனையில், ஈரம் தங்குகிற இடத்தில். அதனால்தான் முனைக்குத் தார் பூசிச் சுவரில் ஏற்றுவார்கள். வெளியே வார்னிஷ் மினுமினுக்கும். விவரமான ஆசாரி அதை நம்பாமல் சுத்தியலால் தட்டி, பொத்தல் சத்தம் வருகிறதா என்று கேட்பார்.

நாமும் தட்டிப் பார்ப்போம். 5 லட்சம் சீட்டு, 25 மாதம், மாதம் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் எத்தனையாவது ஏலத்தில் எடுத்தார்? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. 20-வதில் என்றால் பாக்கி 5 தவணை, 1 லட்சம். 3-வதில் என்றால் 22 தவணை, 4 லட்சத்து 40 ஆயிரம். ஆரம்பத்திலேயே பெரிய தள்ளுபடிக்கு, அதாவது சீட்டுத் தொகையில் நிறைய விட்டுக்கொடுத்து, எடுக்கிறவருக்கு நெருக்கடி முன்பே வந்துவிட்டது என்று அர்த்தம்.

‘முதலில் அவரைப் பிடித்துவிட்டுத்தானே என்னிடம் வருவார்கள்?’ இல்லை ஐயா. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரர் பொறுப்பும் கடனாளி பொறுப்பும் சரிசமம். மாதச் சம்பளக்காரர் நீங்கள்; அவரைத் தேடுவதைவிட உங்களைப் பிடிப்பது சுலபம். கூட இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் உங்கள் பங்கு மூன்றில் ஒன்று என்று நினைக்காதீர்கள். முழுத்தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். மற்ற இருவரிடம் வசூலிப்பது உங்கள் பாடு.

தீர்ப்பாகிச் சம்பளத்தில் கைவைத்தால், முதல் 1,000 ரூபாய் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கு பிடிப்பார்கள். 40,000 சம்பளத்துக்கு மாதம் 13,000. ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம்தான் பிடிக்கலாம் என்பது ஆறுதல். அதுவே 3 லட்சத்து 12 ஆயிரம் ஆகிறது என்பது ஆறுதல் இல்லை. வீட்டுக் கடன் தவணை அது பாட்டுக்கு ஓடும். நீங்கள் கட்டிய பணத்தை நண்பரிடம் கேட்க அதே ஒப்பந்தச் சட்டத்தின் 145-வது பிரிவு உரிமை தருகிறது. அவரிடம் இருந்தால் உங்களிடம் ஏன் வந்தார்கள்?

நிரப்பாத காசோலை கேட்டால் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுங்கள். ஜாமீனுக்குக் கொடுத்த காசோலை திரும்பினாலும் வழக்கு உங்கள் மேல்தான்.

ஆக, அளவுகோல் ஒன்றுதான். வீட்டுத் தவணை போக, அந்தப் பாக்கித் தவணைகள் முழுவதையும் நீங்களே கட்ட முடியுமா? முடியும் என்றால் தாராளமாகப் போடுங்கள். முடியாது என்றால் இன்றைக்கே சொல்லுங்கள். ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்பதுதான் நட்பைக் கெடுக்கும். அவர் வேறு ஆள் தேடாமல் உங்களை நம்பி உட்கார்ந்திருப்பார். வைப்புநிதி ரசீது, எல்.ஐ.சி. பாலிசி போன்றவற்றையும் சீட்டு நிறுவனங்கள் ஈடாக ஏற்பதுண்டு, கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மனசு கேட்கவில்லையா, திரும்பி வராவிட்டாலும் வலிக்காத ஒரு தொகையைக் கையில் கொடுங்கள்.

அந்தப் படிவத்திலும் ‘உத்திரவாதம்’ என்றுதான் அச்சடித்திருப்பார்கள். அதைத் திருத்துவதற்காகக்கூடப் பேனாவைத் திறக்காதீர்கள்.