மகனுக்கு 18 முடியப்போகிறது, ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

கேள்வி: கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். மாதம் 11,000 ரூபாய் கைக்கு வருகிறது. அரை ஏக்கர் தேயிலையும் உண்டு. நானும் கணவரும் பிரிந்து வாழ்கிறோம். அவர் கோவையில் கம்பெனி வேலையில் இருக்கிறார். 2019-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின்படி எனக்கு 4,000, மகனுக்கு 3,000, மகளுக்கு 3,000 என்று கோர்ட் உத்தரவிட்டது. ஏழு மாதமாக ஒரு பைசா வரவில்லை. மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டான், வரும் ஜூலையில் 18 முடிகிறது. "இனி யாருக்கும் தரவேண்டியதில்லை" என்கிறார் அவர். இன்ஜினியரிங் சேர்க்க ஆசை. மகளுக்கு 16 வயது. என்ன செய்வது ஐயா?

பதில்: அவர் சொல்வதில் மூன்றில் ஒரு பங்குதான் சரி அம்மா. மகனுக்கான 3,000 மட்டும் 18 முடிந்ததும் நிற்கும். உங்களுக்கும் மகளுக்குமான 7,000-த்தை அவராக நிறுத்த முடியாது. பழைய 125-ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாக மாறியிருக்கிறது. எண்தான் புதிது, மேஜரான பிள்ளைக்கு உடல் அல்லது மனக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத நிலை இருந்தால் மட்டுமே ஜீவனாம்சம் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. கல்லூரியில் படிக்கிறான் என்பது அந்தப் பிரிவில் காரணமாகாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை; பிளஸ் டூ முடித்த கையோடு எந்தப் பையனும் சம்பாதிக்கக் கிளம்புவதில்லை.

இதற்கு ஒரு பக்கவழி உண்டு. மகன் மேஜரானாலும் அவன் செலவு தாயின் தலையில்தான் விழுகிறது என்று சொல்லி, 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தாய்க்கான தொகையை, மகன் பட்டப்படிப்பை முடிக்கும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை, கூட்டிக் கொடுத்தது. நம் ஊர் நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். எப்படியும் உங்கள் தொகை 2019 விலைவாசிக்கு நிர்ணயித்தது. அதே சன்ஹிதாவின் 146-ஆவது பிரிவின்படி உங்களுக்கும் மகளுக்கும் உயர்த்திக் கேளுங்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். அவர் சம்பளம் என்ன என்பது அதில் தெரிந்துவிடும். உங்கள் தேயிலை வருமானத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.

மகள் விஷயம் வேறு. நீங்கள் இந்துக்கள் என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, தன்னைக் காத்துக்கொள்ள வருமானமில்லாத திருமணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமையைப் பெற்றோர் மீது வைக்கிறது. 18 ஒரு தடையே இல்லை. ஆனால் இப்போதுள்ள உத்தரவு தானாக நீளாது. 18 முடிந்ததும் மகள் பெயரில் அந்தச் சட்டத்தின் கீழ்த் தனியாக மனு போடவேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருடம் இருக்கிறது, தேதியைக் குறித்து வையுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். மகனுக்கு நிற்கப்போகும் 3,000, நாலு வருடப் படிப்புக்கு 1,44,000 ரூபாய். இதற்காக அவருடன் மல்லுக்கட்டுவதைவிட அரசிடம் கிடைப்பதை முதலில் வாங்குங்கள். பையன் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 அவன் வங்கிக் கணக்குக்கு வரும். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காவிட்டால், குடும்பத்தில் பட்டதாரி யாருமில்லை என்றால், கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து இப்போதே வாங்குங்கள்.

அதற்கும் மேல் துண்டு விழுந்தால் கல்விக் கடன். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. தாயே இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போடலாம். பச்சைத் தேயிலைப் பணத்தை நம்பி மெஸ் பில்லுக்குத் திட்டம் போடாதீர்கள். உறைபனி விழும் மாதங்களில் இலை குறைந்து போவது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கணவர் மகனுக்காக ஏதாவது தர மனம் வைத்தால் கல்லூரிக் கட்டணத்தை நேராகக் கட்டச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

இதையெல்லாம்விட அவசரம் அந்த ஏழு மாத பாக்கி, 70,000 ரூபாய். ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது தரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போடவேண்டும். தாண்டினால் அந்த மாதத்துக்கு வாரண்ட் கேட்க முடியாது. மகனுக்கு 18 முடிந்தாலும் அதற்கு முன் சேர்ந்த பாக்கி அழியாது. வக்கீல் ஃபீஸை நினைத்துத் தயங்கவேண்டாம். வருமான வரம்பு இல்லாமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 2019 உத்தரவின் நகலையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு ஊட்டியிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு இந்த வாரமே போங்கள். முதலில் பாக்கி மனு, அடுத்து உயர்த்திக் கேட்கும் மனு.