கொல்லைக் கொட்டகையைப் பிரிக்க விடமாட்டேன் என்கிறார்: என்ன செய்வது?

கேள்வி: மன்னார்குடியில் அப்பா சொந்தமாக வாங்கிய வீடு. கொல்லையில் மாடு கட்ட அவர் போட்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. மாடுகளை விற்றபின், 16 வருடத்துக்கு முன், தெரிந்த சென்ட்ரிங் மேஸ்திரி ஒருவருக்குப் பலகை, ஜாக்கியெல்லாம் போட்டுவைக்க அப்பா இடம் கொடுத்தார். வாடகை கிடையாது, பொங்கலுக்கு ஒரு கட்டு கரும்பு கொண்டுவந்து வைப்பார், அவ்வளவுதான். அப்பா உயில் எழுதாமல் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அம்மா தனியாக இருக்கிறார். கொட்டகைச் சுவர் சாய்ந்து நிற்பதால் இடிக்கலாம் என்றால், "12 வருஷம் தாண்டிடுச்சு, இனி இது என் இடம். கஜா புயலுக்கு அப்புறம் ஷீட் மாத்தினது நான். கரண்ட் கார்டும் என் பேர்லதான் இருக்கு" என்கிறார் மேஸ்திரி. அவர் வெளியூர் போகும் நாளில் ஜேசிபி வைத்து இடித்துவிடலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இடம் உங்கள் குடும்பத்துடையதுதான். 16 வருடம் பலகை கிடந்ததால் அது அவருடையதாகிவிடாது. ஆனால் தம்பி சொல்லும் வழியில் போகாதீர்கள். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும்போது வழக்கைக் கெடுத்துக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி இல்லை.

12 வருடக் கணக்கு ஊரெங்கும் தவறாகவே புழங்குகிறது. எதிரிடை அனுபோகத்துக்கு, உரிமையாளருக்குத் தெரியும்படி, அவர் உரிமையை மறுத்து, 'இது என்னுடையது' என்று 12 வருடம் தொடர்ந்து அனுபவித்திருக்க வேண்டும். உங்கள் அப்பா சம்மதித்துக் கொடுத்த இடத்தில் அந்தக் கணக்கு ஓடாது. நண்பர், உறவினர், காவலாள் என்று இலவசமாக இருக்கவிடப்பட்டவருக்கு எத்தனை வருடமானாலும் சொத்தில் உரிமை பிறக்காது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் மரியா மார்கரிடா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் இப்போது அவர் வாய்திறந்து 'என் இடம்' என்று சொல்லிவிட்டார். இனிமேல் நீங்கள் சும்மா இருக்கக் கூடாது.

கஜா புயல் விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, அனுமதி பெற்றவர் அதை நம்பிச் செலவு செய்து நிரந்தரமான கட்டுமானம் எழுப்பியிருந்தால் அனுமதியை ரத்து செய்ய முடியாது என்கிறது. அவர் வக்கீல் இதைத்தான் பிடிப்பார். ஆனால் சுவரும் தூணும் அப்பா போட்டவை. 2018-இல் பறந்துபோன கூரைக்கு ஷீட் மாற்றியது தன் சாமான் நனையாமலிருக்கச் செய்த மராமத்து. நீதிமன்றம் அதை நிரந்தரக் கட்டுமானமாக எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய கொட்டகையின் போட்டோ, மாடு நிற்கிற படம் ஏதாவது இருந்தால்கூடத் தேடி எடுத்து வையுங்கள்.

மின் இணைப்பு அவர் பெயரில் இருப்பது உங்களுக்கே சாதகமாக முடியலாம். இடத்தில் இருப்பவர் இணைப்பு கேட்டால், உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை மின்வாரியத்தில் பொதுவாகக் கேட்பார்கள். அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் அந்தக் கோப்பில் இருந்தால், மேஸ்திரி அனுமதியின் பேரில்தான் இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிரிவு அலுவலகத்தில் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். தராவிட்டால் வழக்கு நடக்கும்போது நீதிமன்றம் மூலம் வரவழைக்கலாம்.

ஜேசிபி ஏன் கூடாது? சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டேன் என்று 6 மாதத்துக்குள் அவர் வழக்குப் போட, குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்த வழக்கில் இடம் யாருடையது என்ற கேள்வியே எழாது. அது போதாதென்று, 'பத்து ஜாக்கியைக் காணோம், பலகையை உடைத்துவிட்டார்கள்' என்று போலீஸில் புகார் வரும். தனியாக இருக்கும் அம்மா ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியிருக்கும்.

அதனால் முதலில் வக்கீல் நோட்டீஸ். அப்பா உயிலில்லாமல் போனதால், வேறு வாரிசு இல்லையென்றால், அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு. மூவர் பெயரிலும் நோட்டீஸ் போகட்டும். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் தாசில்தார் அலுவலகத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அப்பா கொடுத்த அனுமதியை ரத்து செய்கிறோம், இத்தனை நாளுக்குள் சாமானை எடுத்துக்கொள்ளவும் என்று எழுத வேண்டும். எடுத்துக்கொள்ள நியாயமான அவகாசம் தரச் சொல்கிறது வசதியுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு. சென்ட்ரிங் சாமானுக்கு 30 நாள் தாராளம். நோட்டீஸில் 'வாடகை' என்ற சொல்லே வரக் கூடாது. வந்தால் வாடகைதாரர் என்று இன்னொரு கிளைக்கதை முளைக்கும். கூடவே நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டு வையுங்கள். 90 நாளுக்கு, உங்களைக் கேட்காமல் அவர் இடைக்காலத் தடை வாங்க முடியாது.

இதற்கிடையே தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்துப் பேசிப் பாருங்கள். லாரி வாடகையும் புது ஷீட்டுக்கு ஆன செலவில் ஒரு பகுதியும் கொடுத்தால் போய்விடுவார் என்றால் கொடுத்துவிடுங்கள்; வருடக்கணக்கில் நடக்கும் வழக்குக்கு அது எவ்வளவோ தேவலாம். போகும் அன்று, 'பலகை இத்தனை, ஜாக்கி இத்தனை, முழுவதும் பெற்றுக்கொண்டேன், இடத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதி, அவரிடமும் இரண்டு சாட்சிகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். மின் இணைப்பைத் துண்டிக்க அவரே மனு கொடுக்கட்டும்.

நகரவில்லை என்றால், மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் சாமானை அகற்றச் சொல்லி செயலுறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போடலாம். அனுமதியை ரத்து செய்த கையோடு வந்தால் இந்தப் பரிகாரம் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லியிருக்கிறது. அவர் உங்கள் உரிமையையே மறுப்பதால், விளம்புகையும் (இடம் உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு) சுவாதீனமும் (இடத்தை உங்கள் கையில் ஒப்படைப்பது) சேர்த்துக் கேட்பது பாதுகாப்பு.

சாய்ந்த சுவர் இதற்கெல்லாம் காத்திருக்காது. விழுந்து யாருக்காவது அடிபட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும். இன்றே சவுக்குக் கட்டை முட்டுக் கொடுங்கள். பொறியாளர் ஒருவரிடம் நிலைமையை எழுதி வாங்கி, போட்டோவோடு நகராட்சி ஆணையருக்கு மனு கொடுங்கள். நகராட்சி இடிக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

கடைசியில் பிரிக்கும்போது, ஷீட் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் சம்மட்டியால் உடைக்க விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். ஆட்களுக்கு நல்ல மாஸ்க் கொடுங்கள். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று நகராட்சி சுகாதாரப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிட்டு வண்டி பிடியுங்கள்.