கவுனி அரிசிக்குச் சாயப் பழி: கமெண்டில் மல்லுக்கு நிற்கலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கத்தில் நானும் என் தம்பியும் கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் அரிசிகளை இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் வழியாக விற்கிறோம். எங்களிடம் வாங்கிய ஒருவர், கவுனியைக் களைந்த தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் ஓடுவதைப் படம்பிடித்து ‘சாயம் பூசிய அரிசி’ என்று போட்டுவிட்டார். அன்று முதல் வசைமழை. ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று நாங்கள் எழுதியிருந்ததற்கு இன்னொருவர் விடாமல் ஆதாரம் கேட்கிறார். தம்பி நள்ளிரவு வரை எல்லோருக்கும் திருப்பித் திட்டிக்கொண்டிருக்கிறான். சண்டை நடந்தால்தான் பதிவு பரவும், இன்றைய வியாபார உத்தியே அதுதான் என்கிறான். போலீசில் புகார் கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: முதல் வேலையாகத் தம்பியிடமிருந்து கைப்பேசியை வாங்கி வையுங்கள் சகோதரி. இனி இரவில் யாருக்கும் பதில் போகக் கூடாது. எது வந்தாலும் மறுநாள் காலையில், நீங்கள் ஒருவரே எழுதுங்கள்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கமெண்ட் பெருகினால் பதிவு இன்னும் பலர் கண்ணில் படும். யார் கண்ணில் படுகிறது என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை. சண்டை பார்க்க நிற்பவர்களைப் போன்றவர்களையே தளம் மேலும் மேலும் அழைத்து வரும். ஒரு நோட்டில் சண்டைக்கு முந்தைய 30 நாள் ஆர்டர்களையும் பிந்தைய 30 நாள் ஆர்டர்களையும் எழுதுங்கள். இரண்டாவது, மூன்றாவது முறையாக வாங்கியவர்களைத் தனியே எண்ணுங்கள். வாங்கிய அரிசி தீர்ந்ததும் அதே வீட்டிலிருந்து மறுபடி ஆர்டர் வந்தால்தான் இந்தத் தொழில் நிற்கும். ஆத்திரமூட்டி ஆள் சேர்ப்பது கேலி வீடியோ போடுகிறவருக்குப் பிழைப்பாக இருக்கலாம். உலையில் போடும் பொருளை விற்கிறவருக்கு அது ஒத்துவராது.

தெருவில் இரண்டு பேர் கட்டிப் புரள்வதைத் திண்ணையில் உட்கார்ந்தபடி பத்துப் பேர் பார்ப்பார்கள். உங்கள் பக்கத்திலும் அதுதான் நடக்கிறது. அரிசி வாங்கப்போவது திண்ணைக்காரர்கள். எழுதும் ஒவ்வொரு வரியும் அவர்கள் படிப்பதற்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாயப் பழிக்கு வருவோம். உங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு இது. தம்பி இதையும் வசவிலேயே வீணாக்கிவிட்டார். கவுனியின் கருமை அதன் தவிட்டில் இருக்கிறது. ஆந்தோசயனின் என்ற நிறமி அது. நாவல்பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருப்பதும் இந்த வகைதான். தண்ணீரில் கரையும் என்பதால் களையும்போது நிறம் வரத்தான் செய்யும். இதை எழுதி விளக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள், செய்து காட்டுங்கள்.

அரிசியை ஊறவைத்த தண்ணீரை மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது. ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் கத்தரிப்பூ நிறம் மாறிச் செம்பருத்திச் சாறு போல் சிவக்கும். மூன்றாவதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் நீலமும் பச்சையும் கலந்தாற்போல் திரும்பும். புளிப்புக்கும் சோடா போன்ற காரப்பொருளுக்கும் இப்படி நிறம் மாறுவது ஆந்தோசயனினின் குணம். உணவில் கலக்கும் பெரும்பாலான செயற்கைச் சாயங்கள் இந்த அளவுக்கு மாறுவதில்லை. வாசலில் பகல் வெளிச்சத்தில், பின்னணி இசை இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள் எடுங்கள். பழி சொன்னவரின் பெயரையோ படத்தையோ அதில் காட்டாதீர்கள். பிறகு அவர் பதிவின் கீழே இப்படி எழுதினால் போதும்: ‘களைந்த தண்ணீரில் நிறம் வருவது உண்மைதான். காரணத்தை இந்த வீடியோவில் காட்டியிருக்கிறோம். சந்தேகம் தீராவிட்டால் அரிசியைத் திருப்பி அனுப்புங்கள், பணத்தைத் தந்துவிடுகிறோம்.’ அதற்கு மேல் அவரோடு பேச்சு வேண்டாம்.

இது சமையலறைச் சோதனைதான், ஆய்வகச் சான்று ஆகாது. பழி அடங்காவிட்டால் ஒரு மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தஞ்சாவூரில் புதுக்கோட்டைச் சாலையில் உள்ள நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் உணவுப் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது. அறிக்கை வந்ததும் அதைப் பக்கத்தின் உச்சியில் எப்போதும் தெரியும்படி ‘பின்’ செய்து வைக்கலாம்.

வெறுமனே வசைபாடுகிறவர்களுக்குப் பதிலே கிடையாது. இன்ஸ்டாகிராமில் அவர்களை ‘ரெஸ்ட்ரிக்ட்’ செய்யுங்கள். அவர்கள் எழுதுவது அவர்களுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது, தடுக்கப்பட்டது அவர்களுக்குத் தெரியவும் வராது. பிளாக் செய்தால் அதையே படமெடுத்துப் போட்டுக் கொண்டாடுவார்கள். கெட்ட வார்த்தைகளை மறைக்கும் வசதியும் உண்டு. அதில் ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் சேருங்கள். நம்மவர்கள் ஒரே வசவை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பைத் தம்பியிடமே கொடுக்கலாம், அவருக்கு இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

போலீஸ் விஷயம். இணையத்தில் மனம் புண்படும்படி எழுதினாலே வழக்கு என்றிருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் ரத்து செய்துவிட்டது. அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் வருகிறது. அதற்கு நீங்கள்தான் நீதிமன்றத்தில் புகார் மனு கொடுத்து அலைய வேண்டும். அரிசியைக் களைந்து பார்த்துப் பயந்துபோன ஒருவர் மீது அவ்வளவு தூரம் போவது சரியாக எனக்குப் படவில்லை. மிரட்டல் வந்தாலோ, உங்கள் படத்தைத் திரித்துப் போட்டாலோ கதை வேறு. யாரும் அதை அழிப்பதற்கு முன்பே பதிவின் இணைப்பு, தேதி, கணக்கின் பெயர் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் உடனே பதிவு செய்யுங்கள்.

ஆதாரம் கேட்டுத் துரத்துகிறவரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அவரை வம்பர்கள் கூட்டத்தில் சேர்த்துவிட்டீர்கள். அவர் கேட்டது நியாயம். ஓர் உணவுப்பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிமுறைகள் இடம் தரவில்லை. தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பணத்தை விடுங்கள். கவுனியும் அரிசிதான், அதிலும் மாவுச்சத்து இருக்கிறது. உங்கள் வரியை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? அந்த வரி உள்ள எல்லாப் பதிவுகளையும் நீக்குங்கள். அவர் கமெண்டை மட்டும் அழிக்காதீர்கள். அதன் கீழேயே ‘நாங்கள் எழுதியது தவறு, நீக்கிவிட்டோம், சுட்டிக்காட்டியதற்கு நன்றி’ என்று எழுதுங்கள். தம்பி அவரைத் திட்டியிருந்தால் தம்பி பெயரிலேயே மன்னிப்பும் கேட்க வேண்டும்.

அரிசி உறையிலும் அந்த வரி அச்சாகியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மீதமுள்ள உறைகளை இன்றே ஒதுக்கிவிட்டு, அச்சகத்துக்குப் போன் செய்து அடுத்து அச்சிடும் உறைகளிலிருந்து அதை எடுக்கச் சொல்லுங்கள்.