பிக்கப் வண்டில பி0113 கோடு (இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூட்டை அளக்கற சென்சார் சர்க்யூட்ல கோளாறு) வந்து, இன்டேக் -40 டிகிரி காட்டுதுன்னா
சென்சார இப்ப வாங்காதீங்க ப்ரோ, மொதல்ல கனெக்டர பாருங்க. சென்னை வெயில்ல இன்டேக் காத்து -40ன்னு ஸ்கேனர் காட்டுதுன்னா சர்க்யூட் எங்கயோ ஓப்பன், அதாவது தொடர்பு விட்டுப்போச்சுன்னு அர்த்தம், வேளச்சேரி தண்ணில ஓட்டுனப்புறம்தான் கோடு வந்துச்சுன்னு சொல்றீங்க, அதனால பின்ல பச்சை பூத்திருக்கும்னு தோணுது.

சாவி ஆஃப் பண்ணி கனெக்டர கழட்டி கான்டாக்ட் கிளீனர் அடிச்சு காய விட்டு மாட்டுங்க.

அப்பயும் போகலன்னா திரும்ப கழட்டி, ஒயர் பக்கம் இருக்கற ரெண்டு பின்னயும் சின்ன ஒயரால சேத்துட்டு சாவி மட்டும் ஆன் பண்ணுங்க. ரீடிங் நூறு டிகிரிக்கு மேல எகிறுச்சுன்னா ஒயரிங் நல்லாருக்கு, சென்சார்தான் போச்சு. -40லயே நின்னா ஒயர் அறுந்திருக்கலாம், எலி கடிச்சிருக்கான்னு பாருங்க.

கனெக்டர்ல நாலஞ்சு பின் இருந்தா அது ஏர் ஃப்ளோ சென்சாரோட சேந்தது, டயக்ராம் பாக்காம ஒயர் போட்டுடாதீங்க, ஈசியூவே (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) போயிடலாம்.